உப்பனாற்றில் யாட்டைக் கட்டிப்போட்டுச் சவாரித் தொழில் தொடங்கலாமா? பாலக்கோட்டுத் தம்பிக்கு என் பதில்

தம்பி, நீங்கள் கேட்டதை முதலில் என் வார்த்தையில் திருப்பிச் சொல்லிவிடுகிறேன், சரியாகப் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பாலக்கோட்டில் தக்காளி மண்டி நடத்திச் சேர்த்த பணம் கையில் இருக்கிறது. 30 அடி நீளத்தில் பாய்மரமும் டீசல் இன்ஜினும் உள்ள பழைய யாட் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. அதைக் கடலூர் முதுநகர்ப் பக்கம் உப்பனாற்றில் கட்டிப்போட்டு, சனி ஞாயிறில் ஆட்களை ஏற்றிச் சவாரி விட்டு, பிறகு இரண்டு மூன்று படகாகப் பெருக்கலாம் என்பது திட்டம். படகை எப்படிக் கட்டுவது, யாரிடம் அனுமதி வாங்குவது, தொழில் நிற்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் கிருஷ்ணகிரி மாவட்டத்துக் காவேரிப்பட்டணத்துக்காரன். கடலூர்க் கரையில் 14 வருஷம் இருந்தேன், முதலில் படகு இன்ஜின் மெக்கானிக்காக, அப்புறம் சொந்தமாக இரண்டு சவாரிப் படகு வைத்து. நம் பக்கத்து ஆள் ஒருவர் தண்ணீரில் தொழில் செய்யக் கிளம்பினால் எனக்கு உண்மையிலேயே சந்தோஷம்தான். அதனால்தான் நேராகச் சொல்கிறேன்: தொழிலை விடவேண்டாம், அந்த யாட்டை விட்டுவிடுங்கள்.

காரணம் ஒன்றே ஒன்று. பாய்மர யாட்டுக்கு அடியில் கீல் என்று கனமான துடுப்பு மாதிரி ஒன்று தொங்கும். காற்று பாயைச் சாய்க்கும்போது படகு கவிழாமல் பிடித்துக்கொள்வது அதுதான். 30 அடி யாட்டுக்கு அந்தக் கீலோடு சேர்த்துத் தண்ணீருக்குள் 5 அடி, 6 அடி வரை ஆழம் இறங்கும். நம் கிழக்குக் கரையில் ஆறு கடலில் சேரும் இடத்தில் அந்த ஆழம் வருஷம் முழுக்கக் கிடைக்கும் என்று யாரும் உங்களுக்கு எழுதிக் கொடுக்க முடியாது. கிருஷ்ணகிரி அவதானப்பட்டி ஏரியில் படகு விடுவதைப் பார்த்துவிட்டுக் கழிமுகத்தைக் கணக்குப் போடக்கூடாது. ஏரி இன்றைக்கு இருந்த மாதிரியே நாளைக்கும் இருக்கும், முகத்துவாரம் ஒரு வாரத்தில் உருமாறிவிடும்.

அது ஏன் என்று கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் உங்கள் தொழிலின் தலையெழுத்தே அங்கேதான் இருக்கிறது. தென்மேற்குப் பருவக் காலத்தில் அலை கரையோர மணலை வடக்கே தள்ளிக்கொண்டு போகும், வடகிழக்குப் பருவத்தில் தெற்கே தள்ளும். மொத்தத்தில் வருஷக் கணக்குப் பார்த்தால் வடக்கே போகும் மணல்தான் அதிகம். ஆற்றில் தண்ணீர் வேகமாக ஓடும்வரை ஆற்று வாயில் விழும் மணலை அது கடலுக்குள் துப்பிக்கொண்டே இருக்கும். மாசி பங்குனிக்குமேல் ஆற்றில் வரத்து இல்லை, துப்புவதற்கு ஆள் இல்லை, மணல் மேடு எழும்பிவிடும். சின்ன முகத்துவாரங்கள் முழுசாகவே மூடிக்கொள்ளும். கடலூரில் இரண்டு பக்கமும் கல்சுவர் நீட்டியிருப்பதால் நிலைமை பரவாயில்லை, ஆனாலும் வாயில் எங்கே ஆழம் இருக்கிறது என்று தினமும் போய்வருகிற மீனவனுக்குத்தான் தெரியும், வரைபடத்துக்குத் தெரியாது.

ஏற்றவற்றம், அதாவது கடல் தண்ணீர் ஏறி இறங்குவது, இங்கே பெரிசு கிடையாது, அமாவாசை பௌர்ணமியில்கூட ஒரு மீட்டர் சுமார்தான். குஜராத் கரையில் மாதிரி வீட்டு உயரத்துக்கு ஏறி இறங்காது. ஆனால் அந்த ஒரு மீட்டரில்தான் உங்கள் படகு போகிறதா தட்டுகிறதா என்பதே முடிவாகும். ஒரு ஏற்றத்துக்கும் அடுத்த ஏற்றத்துக்கும் சுமார் 12 மணி 25 நிமிஷம், அதாவது தினமும் கிட்டத்தட்ட 50 நிமிஷம் தள்ளிப்போகும். இன்றைக்குக் காலை 9 மணிக்குச் சுகமாக வெளியே போன படகு அடுத்த வாரம் அதே 9 மணிக்கு மணலில் உட்கார்ந்துவிடும். டிக்கெட்டில் நேரம் அச்சடிப்பதற்கு முன்னால் இதை யோசியுங்கள். இன்னொன்று, வற்றம் வெளியே ஓடிக்கொண்டிருக்கும்போது எதிரே கடலிலிருந்து கொண்டல் காற்று அடித்தால் வாயில் அலை நின்றபடி செங்குத்தாக எழும்பும், ஓட்டத் தெரிந்த மீனவர்களே அந்த இடத்தில் கவிழ்ந்திருக்கிறார்கள். சவாரிக்காரர்களை ஏற்றிக்கொண்டு வாயைத் தாண்டிக் கடலுக்குள் போகும் எண்ணமே முதல் இரண்டு வருஷம் வேண்டாம். கழிக்குள்ளேயே, அதாவது வாய்க்கு உள்பக்கத் தண்ணீரிலேயே ஓட்டுங்கள்.

சரி, கட்டும் விஷயம். இதில்தான் புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் தப்புப் பண்ணுகிறார்கள், ஏனென்றால் படகைக் கட்டுவது மாட்டைக் கட்டுவது மாதிரி ஒரு முளை, ஒரு கயிறு என்று நினைக்கிறார்கள்.

ஏரியில் ஒரு நங்கூரம் போதும். கழிமுகத்தில் தண்ணீர் ஆறு மணி நேரம் உள்ளே வரும், ஆறு மணி நேரம் வெளியே போகும். ஒவ்வொரு முறை திரும்பும்போதும் படகு அரை வட்டம் சுற்றும், சுற்றும்போது பக்கத்துப் படகில் இடிக்கும், சங்கிலி நங்கூரத்தைச் சுற்றிக்கொள்ளும், அடுத்த இழுப்பில் நங்கூரம் பெயர்ந்துவிடும். அதனால் ஆற்றின் போக்கிலேயே மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு நங்கூரம் போட்டு, இரண்டையும் கனமான சங்கிலியால் இணைத்து, நடுவில் தன்னால் சுழலும் ஸ்விவல் ஒன்று வைத்து, அதிலிருந்து மேலே மிதவைக்கு ஒரு சங்கிலி கொண்டுவர வேண்டும். மிதவையிலிருந்து படகின் மூக்குக்கு நைலான் கயிறு. இப்படிக் கட்டினால் ஏற்றத்தில் ஒரு நங்கூரம் பிடிக்கும், வற்றத்தில் மற்றது பிடிக்கும், படகு சின்ன வட்டத்துக்குள்ளேயே திரும்பிக்கொள்ளும். இடம் இன்னும் நெருக்கமாக இருந்தால் மூக்கு ஒரு பக்கம், வால் ஒரு பக்கம் என்று இரண்டு மிதவையில் கட்டுவார்கள், படகு திரும்பவே திரும்பாது. ஆனால் அப்போது காற்று பக்கவாட்டில் அடித்தால் முழு விலாவிலும் அந்த அடியைப் படகு வாங்கிக்கொள்ளும்.

நங்கூரத்துக்குப் பதிலாகக் கிணற்று உறையில் கான்கிரீட் நிரப்பி இறக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். இறக்கலாம், நானும் இறக்கியிருக்கிறேன். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், கரையில் 1 டன் எடையுள்ள கான்கிரீட் தண்ணீருக்குள் போனதும் 600 கிலோகூடத் தேறாது. தூக்கும்போது கனமாக இருந்ததே என்று நம்பிவிடக்கூடாது. சேறாக இருந்தால் அது புதைந்து உறிஞ்சிப் பிடித்துக்கொள்ளும், அங்கே நல்லது. மணலாக இருந்தால் மேலேயே வழுக்கும், அங்கே கொழு மாதிரி மண்ணைக் கொத்திக்கொள்ளும் நங்கூரம்தான் வேண்டும். உப்பனாற்றில் கொஞ்சம் தள்ளினால் சேறு, வாய்ப்பக்கம் போனால் மணல். ஒரு கனமான இரும்பின் அடியில் கிரீஸ் தடவி இறக்கித் தூக்கிப் பாருங்கள், ஒட்டிக்கொண்டு வருவது என்னவென்று கண்ணால் தெரிந்துவிடும்.

சங்கிலியின் நீளம், ஏற்றம் உச்சத்தில் இருக்கும்போது உள்ள ஆழத்தைப்போலக் குறைந்தது மூன்று மடங்கு. கஞ்சத்தனம் பண்ணி நீளத்தைக் குறைத்தால் இழுப்பு மேல்நோக்கிப் போகும், மேல்நோக்கி இழுத்தால் எந்த நங்கூரமும் கழன்று வரும். நீளச் சங்கிலி தரையில் கிடக்கும்போது இழுப்பு படுக்கைவாட்டில் போகும். கயிற்றுக்கு நைலானே வாங்குங்கள், அலை இழுக்கும்போது நீண்டு கொடுத்து அதிர்ச்சியை வாங்கிக்கொள்ளும். சந்தையில் சல்லிசாகக் கிடைக்கும் நீலப் பிளாஸ்டிக் கயிறு தண்ணீர்மேல் மிதக்கும், வெயிலில் நொறுங்கும், யாராவது ஒருவர் படகின் புரொப்பல்லரில் சுற்றிக்கொண்டு சண்டையும் வரும். படகின் விளிம்பில் கயிறு உரசும் இடத்தில் பழைய தீயணைப்பு ஹோஸ் துண்டு ஒன்றைக் கோத்துவிடுங்கள், புயல் ராத்திரியில் கயிறு அறுந்துபோவது பெரும்பாலும் அந்த இடத்தில்தான். அப்புறம் சங்கிலியை இணைக்கும், ஆணி வைத்த இரும்பு வளையத்தை ஷேக்கிள் என்பார்கள், கால்வனைஸ் சங்கிலிக்குக் கால்வனைஸ் ஷேக்கிளே போடுங்கள். பளபளவென்று இருக்கிறதே என்று எவர்சில்வர் ஷேக்கிள் போட்டால் உப்புத் தண்ணீரில் அது பக்கத்துக் கண்ணியைத் தின்றுவிடும்.

ஷேக்கிளின் ஆணியைக் கம்பி சுற்றிக் கட்ட வேண்டும். இதைத் தனியாகச் சொல்கிறேன், ஏனென்றால் என் முதல் படகை நான் இதில்தான் இழந்தேன். ஒரு ஐப்பசியில் சங்கிலி மாற்றிய அன்று கம்பி கையில் இல்லை, நாளைக்குக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். இரண்டு ராத்திரி அலையில் ஆணி தானாகத் திருகித் திருகிக் கழன்றது. விடியற்காலை போய்ப் பார்த்தால் மிதவையைக் காணோம், படகையும் காணோம். வற்றம் இழுத்துக்கொண்டு போய்க் கல்சுவரில் சாத்தியிருந்தது, ஒரு பக்க விலா முழுக்கப் பிளந்துவிட்டது. அதைப் பார்த்துக்கொண்டு நின்ற அந்த அரைமணி நேரத்தை நான் இன்னும் மறக்கவில்லை. அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஆள் இறக்கி ஒவ்வொரு கண்ணியாகத் தொட்டுப் பார்க்க வைப்பேன்.

இப்போது நம் ஊருக்கும் அந்தக் கரைக்கும் உள்ள சம்பந்தத்தைச் சொல்கிறேன். கிருஷ்ணகிரி அணையைத் தாண்டி எங்கள் ஊர் வழியாகப் போகும் தென்பெண்ணைதான் கடலூருக்கு வடக்கே தாழங்குடா பக்கம் கடலில் சேர்கிறது. துறைமுகம் இருப்பது தெற்கே, உப்பனாற்றில். ஆனால் வெள்ளக் காலத்தில் திருக்கோவிலூருக்குக் கீழே பிரியும் மலட்டாறு வழியாக, கடலூரில் கடலில் சேரும் கெடிலம் ஆற்றுக்கும் தென்பெண்ணைத் தண்ணீர் வந்துவிடும். 2024 டிசம்பர் 2 காலையோடு முடிந்த ஒரே நாளில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. மழை பெய்ததே, ஃபெஞ்சல் புயல் கரை கடந்த பிறகு. அன்றைக்குச் சாத்தனூர் அணையில் ஒன்றரை லட்சம் கன அடிக்கு மேல் திறந்துவிட்டார்கள். ஊத்தங்கரையில் இருக்கும் என் மச்சான் ராத்திரியே போன் பண்ணி, பாம்பாறு ஓடுகிற ஓட்டத்தை இதுவரை பார்த்ததில்லை என்று சொன்னதால் நான் எழுந்து போய்க் கயிற்றை இரட்டையாக்கினேன், ஒரு படகைக் கரைக்கே ஏற்றிவிட்டேன். தண்ணீர் வேகம் இரண்டு மடங்கானால் கயிற்றில் விழும் இழுப்பு நான்கு மடங்காகும். அது போதாதென்று மேலேயிருந்து வரும் ஆகாயத்தாமரைக் கூட்டம் பாய்போல வந்து கயிற்றில் மாட்டிக்கொள்ளும், அந்தச் சுமையைத்தான் யாரும் கணக்கில் வைப்பதில்லை. நல்ல அரிவாள் ஒன்று படகின் மூக்கில் எப்போதும் இருக்கட்டும். அணைகளின் நீர்வரத்துச் செய்தியைக் கடலூர்க்காரர்கள் அன்றாடம் பார்ப்பது குறைவு, நீங்கள் பிறந்ததிலிருந்து பார்க்கிறீர்கள். அந்தப் பழக்கம் அங்கே சோறு போடும்.

துறைமுகத்தில் ஏற்றும் புயல் கூண்டு 1 முதல் 11 வரை. 3 ஏற்றியதுமே சவாரியை நிறுத்திவிடுவது என் வழக்கம். என் தாய்மாமன் ஊட்டமலையில் பரிசல் ஓட்டியவர். ஒகேனக்கல்லில் நீர்வரத்து ஏறினால் பரிசலுக்குத் தடை போடுவார்களே, அவர் தடை வருவதற்கு ஒரு நாள் முன்னாலேயே பரிசலைக் கவிழ்த்து வைத்துவிடுவார், தண்ணீரின் நிறம் மாறியதைப் பார்த்து. ஆர்டர் வரட்டும் என்று காத்திருக்க மாட்டார்.

அனுமதி விஷயத்துக்கு வருகிறேன். இன்ஜின் வைத்து உள்நாட்டு நீர்நிலையில் ஓடும் படகுக்கு 2021ல் வந்த உள்நாட்டுக் கலன்கள் சட்டம் பொருந்தும், அதற்கு முன்னால் 1917ஆம் வருஷத்துச் சட்டம் இருந்தது. படகைச் சர்வே பண்ணிச் சான்றிதழ் வாங்க வேண்டும், பதிவு பண்ண வேண்டும், ஓட்டுகிறவருக்குத் தகுதிச் சான்று வேண்டும், இன்சூரன்ஸ் கட்டாயம். தமிழ்நாடு கடல்சார் வாரியத்தில் தொடங்குங்கள். துறைமுக எல்லைக்குள் மிதவை போட வேண்டுமென்றால் கடலூர் துறைமுக அலுவலகத்தைக் கேட்காமல் ஒரு கல்லைக்கூட இறக்காதீர்கள். மீன்பிடித் துறைமுகத்தின் படகுத்துறை மீன்வளத் துறையின் கையில், அலையாத்திக் காடு வனத்துறையின் கையில். கரையில் மரத்தூண் நட்டு இறங்குதுறை கட்டுவதானால் 2019 கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையும் வந்துவிடும். அது கடற்கரையோடு நிற்காது, ஓதம், அதாவது கடல் ஏற்றம், ஏறும் ஆற்றுக் கரைக்கும் உண்டு. இதற்கெல்லாம் ஆறு மாசமாவது ஒதுக்குங்கள்.

மீன்பிடிக்கப் பதிவு பண்ணிய படகை மலிவாக வாங்கி, மேலே கூரையும் நாற்காலியும் போட்டுச் சவாரிப் படகாக மாற்றலாம் என்று யாராவது சொல்வார்கள். காதில் வாங்காதீர்கள். 2023 மே 7 அன்று கேரளத்தில் தானூரில் 22 பேர் போனார்களே, அது மீன்பிடிப் படகை மாற்றிக் கட்டியது, அளவுக்கு மேல் ஆள் ஏற்றி, பொழுது சாய்ந்த பிறகு ஓட்டியது. செத்ததில் பாதிக்கு மேல் குழந்தைகள். 2009 செப்டம்பர் 30 தேக்கடியில் 45 பேர். காட்டு விலங்கைப் பார்க்க எல்லோரும் ஒரே பக்கம் போனதில் படகு சாய்ந்தது என்றுதான் அப்போது சொன்னார்கள். மேல்தளம் வைத்த படகில் ஆள் மேலே ஏற ஏற அது தலைகனத்துப் போகும், மணலில் நிற்கும்போது அது தெரியாது. சான்றிதழில் 12 பேர் என்று போட்டிருந்தால் 12 பேர்தான், கைக்குழந்தையும் ஒரு ஆள்தான். லைஃப் ஜாக்கெட் சீட்டுக்கு அடியில் கிடந்து பிரயோஜனம் இல்லை, ஏறும் முன்னாலேயே போட்டுக் கட்டிவிட வேண்டும், குழந்தைகள் அளவில் தனியாக வாங்கி வைக்க வேண்டும். ஒரு குடும்பம் கோபித்துக்கொண்டு இறங்கிப் போனால் போகட்டும். என்னிடம் அப்படிப் போனவர்கள் உண்டு, அவர்களில் சிலர் அடுத்த வருஷம் அவர்களாகவே தேடி வந்தார்கள்.

எல்லா ஆபீஸிலும் கையெழுத்து வாங்கினாலும், மீனவர் ஊர்ப் பஞ்சாயத்து ஒப்புக்கொள்ளாமல் அங்கே ஒரு நாள்கூடத் தொழில் ஓடாது. அது நியாயமும்கூட. அந்தக் கழி அவர்களுடைய வயல் மாதிரி. வலை போட்டிருக்கும் இடத்தில் நீங்கள் வேகமாகப் போனால் அலை அடித்து வலை சுருளும், கரையில் கட்டிய சின்னப் படகுகள் இடித்துக்கொள்ளும். நம் தோட்டத்துக்குள் யாரோ டிராக்டரை விட்டுக்கொண்டு போனால் நமக்கு எப்படி இருக்கும்? முதலில் போய்ப் பெரியவர்களைப் பாருங்கள், எங்கே போகலாம் எங்கே கூடாது என்று கேளுங்கள், ஓட்டுவதற்கு அந்த ஊர்ப் பையன்களையே எடுத்துச் சான்றிதழ் வாங்கிக் கொடுங்கள். என்னிடம் இருந்த ஸ்ராங்கு, அதாவது படகு ஓட்டுகிறவர், ஒருவர் சுக்கானைப் பிடித்தபடியே வாடைக் காற்று திரும்பப் போகிறது என்று அரைமணி முன்னால் சொல்வார், அந்த மூக்கு எனக்கு 14 வருஷத்தில் வரவில்லை.

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம், அதையும் கணக்கில் வையுங்கள். உங்கள் சவாரிப் படகுக்குத் தடை இல்லை. ஆனால் விசைப்படகுகள் எல்லாம் அந்த இரண்டு மாசமும் துறைக்குள்ளேயே ஒட்டிக்கட்டி நிற்கும், உங்களுக்கு இறங்க ஏற இடமே இருக்காது, கோடை விடுமுறைக் கூட்டம் வருவதும் அதே மாசங்களில்தான். அதனால்தான் நான் பிறகு இறங்குதுறையை மேலே தள்ளி வைத்தேன்.

பணக் கணக்குச் சுருக்கமாக. ஐப்பசி கார்த்திகையில் பாதி நாள் போகும், பரீட்சை மாசத்தில் ஆள் வராது, வார நாளில் காற்று வாங்கும். நல்ல வருஷத்திலேயே எனக்குச் சம்பாத்தியம் வந்த நாள் 130ஐத் தாண்டியதில்லை. செலவுக்கு மட்டும் 365 நாளும் உண்டு. கொட்டலசு என்ற ஓடுள்ள கடல் உயிர் அடியில் ஒட்டிப் படகை மந்தமாக்கும், வருஷம் ஒருமுறை ஏற்றிச் சுரண்டிப் பெயிண்ட் அடிக்க வேண்டும். படகின் பின்னால் வெளியே மாட்டும் அவுட்போர்டு இன்ஜினை ஒவ்வொரு நாளும் நல்ல தண்ணீர் விட்டு ஓட்டிக் கழுவ வேண்டும். ஒரு நாள் விட்டாலும் உப்பு உள்ளே உட்கார்ந்துவிடும். கையில் உள்ள பணத்தில் பாதிக்கு மேல் படகில் போடாதீர்கள்.

எந்தப் படகு என்றால், இரட்டை அடி கொண்ட ஃபைபர் கேட்டமரான், பத்துப் பன்னிரண்டு பேர் உட்காரும் அளவு, தண்ணீருக்குள் 2 அடிக்கு மேல் இறங்காதது, பின்னால் தூக்கிவிடக்கூடிய அவுட்போர்டு. மணலில் தட்டினால் இன்ஜினைத் தூக்கிவிட்டு நான்கு பேர் இறங்கித் தள்ளிவிடலாம். யாட் கீல் தட்டினால் அடுத்த ஏற்றம்வரை சாய்ந்து கிடக்க வேண்டியதுதான், உள்ளே ஆட்களோடு.

யாட்டுக்கு முன்பணம் எதுவும் கொடுக்கவில்லையே? கொடுக்கும் முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். விற்பவரிடம் கீலோடு சேர்த்து எவ்வளவு ஆழம் இறங்கும் என்று எழுதி வாங்குங்கள். அந்த அளவுக்கு ஒரு நேரான மூங்கிலில் சிவப்புப் பெயிண்டில் கோடு போட்டு எடுத்துக்கொண்டு, வருகிற அமாவாசைக்குக் கடலூர் வாருங்கள், நானும் வருகிறேன். ஒரு வள்ளத்தில் ஏறி, அடி வற்றத்தில், வாயிலிருந்து முதுநகர்வரை பத்தடிக்கு ஒருமுறை மூங்கிலை இறக்கிக்கொண்டே போவோம். வற்றம் எத்தனை மணிக்கு என்று ஓத அட்டவணையில் பார்த்து முந்தின நாளே போன் பண்ணுகிறேன். காலைப் பேருந்தை நம்பாமல் ராத்திரியே திருவண்ணாமலை வழியாகக் கிளம்பிவிடுங்கள்.